புதனும் சனியும் எழாத கார்

“சாவியை அந்த ஸ்டூல் மேல வை! வெச்சுட்டு கேட்டுக்கு வெளியில நில்லு!”

“நானுங்க ஒண்ணும் பண்ணலீங்க சார்.”

“பண்ணலையா? அப்ப கார் தானா விஷம் குடிச்சுதா? அஞ்சாவது தடவை கவின்ராஜ், அஞ்சாவது தடவை! அதுவும் பொண்ணு பார்க்கக் கிளம்பற நாளாப் பார்த்து!”

“மெல்லப் பேசுங்க. பக்கத்து மாடியில கௌரம்மா நிக்கறாங்க.”

“நிக்கட்டும்! டிக்கெட் வாங்காம பார்க்கட்டும்!”

கௌரம்மா ஆறே முக்காலிலிருந்தே நிற்கிறாள் என்பது, ஆட்டோவை ஓரம் கட்டும்போதே மாரிசாமிக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையில் இருந்தது இரண்டாவது காபி டம்ளர். முதலாவது காலியாகிக் கைப்பிடிச் சுவர்மேல் கவிழ்ந்திருந்தது. குவெம்பு நகர் மூன்றாவது கிராஸில் புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு யாருக்குக் கிடைக்கும்?

போர்ட்டிகோவில் நின்றது அந்தக் கார். முத்து வெள்ளை நிறம், எலெக்ட்ரிக், வாங்கி இரண்டே மாதம். அதைச் சுற்றி, மின்சார இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணராஜ். பட்டுப் புடவையில், கையில் பூவும் பழமும் வைத்த தட்டோடு அவர் மனைவி பொன்னம்மா. புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் நிற்பதற்காக உட்காரவே மறுக்கும் முப்பத்தாறு வயது மகன் பிரசாந்த். கேட்டுக்கு அருகில், யாரையும் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு டிரைவர் கவின்ராஜ்.

பெண் பார்க்கக் கிளம்புகிறவர்களை வழியனுப்ப வந்த வடிவு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். தேவராஜ மொஹல்லாவில் ஊதுபத்திக் கடைக்கு மேலே ஒரு அறையில் அவள் நடத்துவது கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கனவே பேசி முறிந்ததா, மாமியாருக்கு வாய் எவ்வளவு நீளம், எல்லாம் நான்கு நாளில் கவரில் வரும். பிரசாந்துக்கு ராமாபுரத்துப் பெண் தீபாவை விசாரித்துக் கொடுத்ததும் அவள்தான். உதவிக்கு வடிவின் கணவருடைய தம்பி மாரிசாமி: டிரைவர், சாட்சி, அவசரத்துக்குச் சந்தேக நபர். சம்பளம் எப்போது என்று கேட்டால் மட்டும் அண்ணிக்குக் காது மந்தமாகிவிடும்.

“என்னங்க சார், காலங்காத்தால?” என்றாள் வடிவு.

“வடிவம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. இவன் என்ன பண்ணி இந்த வண்டியைச் சாகடிக்கறான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. அது போதும். மத்ததை நான் ஸ்டேஷன்ல பார்த்துக்கறேன்.”

“சார்ஜ் தீந்து போச்சுங்ளா?” என்றான் மாரிசாமி.

கிருஷ்ணராஜ் அவனை, மீட்டர் ரீடிங் தப்பாக எழுதியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அடியில இருக்கற பெரிய பேட்டரி எண்பத்தஞ்சு பெர்சென்ட் இருக்குப்பா. ராமாபுரம் போய்த் திரும்பி வரலாம். ஆனா முன்னாடி ஒரு சின்ன பேட்டரி இருக்கு, பன்னண்டு வோல்ட். உன் ஆட்டோவுல இருக்கே, அதே மாதிரி. கதவு திறக்க, லைட் எரிய, வண்டியோட மூளை வேலை செய்ய எல்லாத்துக்கும் அதுதான். அது காலியானா பெரியவன் எழுந்துக்க மாட்டான்.”

“அப்ப மூட்டை மூட்டையா அரிசி இருக்குது, தீப்பெட்டி இல்லீங்க.”

“அந்தத் தீப்பெட்டியைத்தான் இவன் நனைக்கறான்!” கை கேட்டுப் பக்கம் நீண்டது.

காரணமும் வைத்திருந்தார். கவின்ராஜுக்கு ஒரு ஃபேக்டரியில் ஸ்டாஃப் பஸ் ஓட்டும் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு இப்போதைய முதலாளியிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் வேண்டும். பிரசாந்த் கல்யாணம் முடியும்வரை போகக்கூடாது, கடிதமும் கிடையாது என்று இவர் சொல்லிவிட்டார். “அந்தக் கோவத்துல பண்றான். இல்லையா? வேற என்ன?”

“லெட்டரு குடுக்கலீன்னா வேண்டாமுங்க. திருட்டுப் பட்டம் கட்டாதீங்க சார்” என்றான் கவின்ராஜ். இருபத்தெட்டு வயதுக்குக் குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது.

“சனிக்கிழமைதான் கடைசி. பொண்ணோட அப்பா தொட்டையன் இப்பதான் போன் பண்ணினார். போன சனிக்கிழமையும் வண்டி நின்னுது, இன்னிக்கும் நின்னுது. மூணாவது தடவையும் நின்னா வண்டிக்கே இஷ்டமில்லைன்னு எடுத்துக்குவோம்னு சொல்லிட்டார். சனிக்கிழமை வண்டி எழலைன்னா இவன் பேர்ல கம்ப்ளெயின்ட். அப்புறம் எந்த ஃபேக்டரி இவனை உள்ள விடுதுன்னு பார்க்கறேன்.”

“டாக்ஸி எடுத்துட்டுப் போயிருக்கலாமேங்க?” என்றான் மாரிசாமி.

மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். புதுக் கார் ராமாபுரத்துத் தெருவில் நுழைவதற்காகத்தான் பாதிப் பயணமே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாப்பிள்ளை மீதிப் பாதி.

வடிவு கண்ணைக் காட்ட, மாரிசாமி ஆட்டோ பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து வந்தான். பிரசாந்த் கையேட்டைப் படித்துக்கொண்டே வழி சொன்னான். அரை நிமிஷம். கார் இரண்டு தடவை கண்ணடித்து, ஒன்றுமே நடக்காததுபோல இசையோடு வணக்கம் சொன்னது.

“நம்ம ஆட்டோ ரத்தம் குடுத்திருக்குது அண்ணி. இனிமே இது சொந்தம்.”

“வாயை மூடிட்டு ஒயரைச் சுத்துங்க, கொழுந்தனாரே.” வடிவு நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். “கௌரம்மா, எந்தெந்த நாள் வண்டி நின்னுதுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்குங்களா?”

இந்தக் கேள்விக்காகவே மூன்று வாரமாகக் காத்திருந்த கௌரம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். “முதல்ல ஒரு புதன்கிழமை. பிரசாந்த் ஆபீசுக்கு லேட்டு, சாக்ஸ் ஒண்ணு கருப்பு ஒண்ணு நீலம். அப்புறம் சனி. அப்புறம் புதன், சர்வீஸ்காரங்க வந்து பேட்டரியையே மாத்தினாங்க. அப்புறம் போன சனி, பொண்ணு பார்க்க. இன்னிக்குப் புதன். நான் பக்கத்து வீட்டு விஷயம் ஒண்ணும் கவனிக்கறது இல்லம்மா. கண்ணுல பட்டது.”

“புதன், சனி, புதன், சனி, புதன்” என்று வடிவு விரல் மடக்கினாள். “அதுக்கு முன்னாடி அஞ்சு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை.”

“அதைத்தான் நானும் சொல்றேன்!” என்றார் கிருஷ்ணராஜ். “தினமும் எட்டு மணி வரைக்கும் இருக்கறவன், செவ்வாயும் வெள்ளியும் அஞ்சு மணிக்கே ஓடிடறான். மறுநாள் காலையில வண்டி காலி. என்னமோ செட் பண்ணிட்டுப் போறான்.”

“அஞ்சு மணிக்கு எங்க தம்பி போற?”

கவின்ராஜ் ஒரு கணம் பொன்னம்மாவைப் பார்த்தான். பொன்னம்மா தட்டில் இருந்த வாழைப்பழத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் மறுபடியும் செருப்புக்கே திரும்பினான்.

“அதைச் சொல்ல முடியாதுங்க அக்கா.”

“பார்த்தீங்களா!” என்று கிருஷ்ணராஜ் கை தட்டினார்.

மாரிசாமிக்கும் அந்த நிமிஷம் கேஸ் முடிந்துவிட்டதாகத்தான் பட்டது. அண்ணி மட்டும், வீட்டுக்குப் புது விருந்தாளி வந்த மாதிரி, “வண்டிக்கு எத்தனை சாவிங்க?” என்று விசாரித்தாள்.

இரண்டு. ஒன்று கவின்ராஜுடையது, போகும்போது சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். இன்னொன்று வாங்கிய நாளிலிருந்து மாடி பீரோவில். யாரும் தொட்டதில்லை.

“அதைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?”

பொன்னம்மா மாடிக்குப் போனாள். ஒரு பீரோவைத் திறந்து மூட ஆகும் நேரத்தைவிட நாலு மடங்கு கழித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டே ஒரு சாவியைக் கொண்டுவந்தாள். இந்தக் காலத்துச் சாவி. பல் கிடையாது, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. சட்டைப்பையில் அது இருந்தாலே போதும், ஆள் வருவதைக் கார் தெரிந்துகொண்டு கதவைத் திறக்குமாம். மாரிசாமி வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

“ஆ!”

“என்ன?”

“எறும்புங்க.” இரண்டு சிற்றெறும்புகள் சாவியின் இடுக்கிலிருந்து வெளிப்பட்டு, ஒன்று அவன் கட்டைவிரலில் தன் கருத்தைப் பதிவு செய்திருந்தது. “இதுங்க பீரோவுலயா இருந்துச்சு?”

“பட்டுப் புடவைக்கு அடியில” என்றாள் பொன்னம்மா, சட்டென்று.

“பட்டுப் புடவைக்கு அடியிலயா? அங்கென்ன பலகாரமா…”

வடிவு அவன் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

அவ்வளவு பேச்சுக்கும் நடுவே, சனிக்கிழமை காலைக்கு இன்னும் மூன்று நாள்தான் பாக்கி.

---

ஹுன்சூர் ரோடு சர்வீஸ் சென்டர் ஏசியில் அண்ணியோடு மாரிசாமி உட்கார்ந்தபோது அன்று மணி பன்னிரண்டு. கார் கம்பெனிகள் எலெக்ட்ரிக்குக்கு மாறியதில் முதலில் காணாமல் போனது கிரீஸ் வாசனைதான். இங்கே கல்யாண மண்டபம்போல ரோஜா வாசனை அடித்தது. மேஜைக்குப் பின்னால் அஷ்வினி, சர்வீஸ் அட்வைசர். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் தமிழ் வாயில் வருவதற்குள் கன்னடம் முந்திக்கொள்ளும்.

“பேட்டரி கெட்டுப் போகலை மேடம். புதுசு மாத்தியாச்சு, அதுவும் அப்படியே ஆய்து. பிரச்சினை பேட்டரி இல்லை. வண்டி தூங்கறதில்லை.”

“தூங்கறதில்லையா?”

“பூட்டிட்டுப் போனா கொஞ்ச நேரத்துல எல்லாத்தையும் அணைச்சுட்டுத் தூங்கணும். அப்பதான் சின்ன பேட்டரி தாங்கும். இந்த வண்டி சில நாள் ராத்திரி பூரா முழிச்சுட்டே இருக்கு. எங்க கம்ப்யூட்டர்ல தெரியுது. செவ்வாய் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து விடியவிடிய. வெள்ளியும் அதே ஆறு மணி.”

“எதுக்கு முழிச்சிருக்குது? மாப்பிள்ளைக்குப் பொண்ணு கிடைக்கலீன்ற கவலையா?” என்றான் மாரிசாமி.

அஷ்வினி சிரித்துவிட்டாள். “கொத்தில்ல, தெரியலை சார். யாராவது லைட்டை விட்டிருக்கணும், கேமரா மாட்டியிருக்கணும், இல்லை யாரோ வர்றாங்கன்னு அது காத்துட்டு இருக்கணும். லைட், கேமரா எல்லாம் செக் பண்ணிட்டோம். கவின் மேல தப்பே இல்லை மேடம். அவர் ரொம்ப ஜாக்கிரதையா ஓட்டுவார். காபிக்குச் சர்க்கரைகூடப் போட்டுக்க மாட்டார்.”

வெளியே வந்து ஆட்டோவை எடுப்பதற்குள் மாரிசாமிக்குத் தாங்கவில்லை. “அண்ணி, வண்டி சர்வீஸ் பண்ற பொண்ணுக்கு டிரைவர் காபியில சக்கரை எத்தனைன்னு எதுக்குத் தெரியோணும்?”

“எனக்கும் காது கேட்டுதுங்க.”

“சர்க்கரை, எறும்பு, காபி. கோர்த்துப் பாருங்க. ரெண்டு பேரும் கூட்டு. இவன் கெடுக்கறான், அவ புதுசு மாத்தறா.”

“சர்க்கரையே போட்டுக்காதவன் சாவியில எறும்பு எப்படிங்க வரும்?”

மாரிசாமி அடுத்த இரண்டு சிக்னல்களையும் தேவைக்கு மேல் ஹாரன் அடித்தே தாண்டினான்.

---

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு, மாரிசாமியின் கூட்டுச்சதிக் கோட்பாடு உயிர்த்தெழுந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட கவின்ராஜ் எங்கே போகிறான் என்று மதியத்திலிருந்தே பின்னால் சுற்றியதன் பலன்: குக்கரஹள்ளி ஏரிக்கரை, சிமெண்டுப் பெஞ்சு, ஒரு பொட்டலம் சுர்முரி, இரண்டு பேர். ஒருவன் கவின்ராஜ். மற்றது அஷ்வினி, சர்வீஸ் சென்டர் சீருடைமேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு. பொரிக்குள் கிடந்த வேர்க்கடலையைப் பொறுக்கி அவன் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“பிடிச்சுட்டேன்!” என்று மாரிசாமி புதரிலிருந்து எழுந்தான். அந்தப் புதரில் முள் இருந்தது என்பதால் எழுந்த வேகம் அவன் நினைத்ததைவிடச் சற்று அதிகம்.

அஷ்வினி பொட்டலத்தைத் தவறவிட்டாள். கவின்ராஜ் எழுந்து அவளுக்கு முன்னால் நின்றான்.

“இவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் வேணா ஸ்டேஷனுக்கு வர்றேனுங்க.”

“எதுக்கு ஸ்டேஷன்?” வடிவு பெஞ்சின் மறுமுனையில் நிதானமாக உட்கார்ந்தாள். “ரெண்டு பேர் சுர்முரி தின்னா அதுக்குச் சட்டம் இருக்குதா? எத்தனை நாளாம்மா?”

கவின்ராஜ் தலை குனிந்துகொண்டான். அஷ்வினிதான் சொன்னாள்.

“வண்டி முதல் தடவை நின்னப்ப நான்தான் வேன்ல போனேன் மேடம். ரெண்டாவது தடவையும் நான்தான். மூணாவது தடவை… நானே கேட்டு வாங்கிட்டுப் போனேன்.” காது சிவந்தது. “எங்கப்பா நிரந்தர வேலை இருந்தாதான் பேசவே விடுவார். திங்கட்கிழமை அது கிடைச்சுடும்னு இருந்தோம். இது வெளிய தெரிஞ்சா, நாங்க சேர்ந்து பேட்டரியைக் கெடுக்கறோம்னு கிருஷ்ணராஜ் சார் சொல்வார். என் வேலையும் போகும். அதான் கவின் வாயே திறக்கலை.”

“சொல்வாருங்ளா? நானே சொன்னேன்” என்றான் மாரிசாமி, முழங்கையிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே.

வடிவு கவின்ராஜ் பக்கம் திரும்பினாள். “செவ்வாய் வெள்ளி அஞ்சு மணிக்குப் போறியே, நீ கேட்ட லீவா?”

“இல்லீங்க. சார் வீட்டு அம்மாதாங்க போகச் சொல்வாங்க. ‘இன்னிக்கு நாள் நல்ல நாள், நீ சீக்கிரம் போ’ன்னு. மூணு வாரமா. அதுக்கப்புறம்தான் நாங்க இங்க வர ஆரம்பிச்சோம்.”

“அம்மா போகச் சொன்னதை ஏன் அன்னிக்கே சொல்லலை?”

“அவங்க சொல்லுவாங்கன்னு பாத்தேனுங்க. பழத்தை எண்ணிட்டு இருந்தாங்க.”

மாரிசாமிக்கு அன்று தட்டில் இருந்த பழங்கள் ஞாபகம் வந்தன. மொத்தமே ஒரு சீப்பு. அதை எண்ண இவ்வளவு நேரமா?

“அஷ்வினி, ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா” என்றாள் வடிவு. “யாரோ வர்றாங்கன்னு வண்டி காத்துட்டு இருக்கும்னு சொன்னியே. சாவி பக்கத்துல இருந்தாவா? நடுவுல ஒரு சுவரு இருந்தா?”

“சுவர் எல்லாம் அதுக்குக் கணக்கே இல்லை மேடம். நாலைஞ்சு அடிக்குள்ள சாவி இருந்தாப் போதும், சார் வந்துட்டார், இப்பக் கதவைத் திறப்பார்னு தூங்காம உட்கார்ந்திருக்கும். ஆனா ஒண்ணு சமையலறை ஆணியில, பின்பக்கம். இன்னொண்ணு மாடி பீரோவுல. ரெண்டும் தூரம்தானே?”

வடிவு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பது.

“ஆறு மணிக்கு விளக்கு வெப்பாங்க. மாரி, வண்டியை எடுங்க. தம்பி, நீயும் ஏறு.”

---

குவெம்பு நகரில் கிருஷ்ணராஜ் ஹாலில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் அடித்த புகாரைக் கண்ணாடி போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ‘மேற்படி டிரைவர்’ என்ற சொல் ஒரே பக்கத்தில் பதினான்கு இடத்தில் வந்தது. மேற்படி டிரைவரே வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் பேனாவால் சுட்டினார்.

“இவனை யாரு உள்ள விட்டது?”

“நான்தாங்க. பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க” என்றாள் வடிவு. “பொன்னம்மாக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்திருக்கேன். கொஞ்சம் குங்குமம் குடுங்களேன்.”

சமையலறையிலிருந்து வந்த பொன்னம்மா சாமியறைக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டாள். “இருங்க, எடுத்துட்டு வர்றேன்.”

“அம்மனைப் பார்க்காம குங்குமம் வெச்சுக்கறதா? நல்லாவா இருக்கும்?” வடிவு செருப்பில்லாத காலோடு ஏற்கனவே உள்ளே போயிருந்தாள். பின்னாலேயே மாரிசாமி.

வாஸ்து பார்த்து வடகிழக்கு மூலையில் கட்டிய சாமியறை. குத்துவிளக்கு, அம்மன் படம், அதன் காலடியில் பித்தளைத் தட்டு. தட்டில் அச்சுவெல்லம் ஐந்து, ஒரு தாமரை மொட்டு. வெல்லத்துக்கும் தாமரைக்கும் நடுவே, மஞ்சள் நூல் சுற்றி, குங்குமப் பொட்டோடு, காரின் இரண்டாவது சாவி. சுவரோடு ஒட்டிச் சின்ன ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், போர்ட்டிகோ. அங்கே முத்து வெள்ளைக் காரின் மூக்கு, உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல நின்றது.

“அட கடவுளே” என்றான் மாரிசாமி. சொன்ன இடம் பொருத்தமாகத்தான் இருந்தது.

பொன்னம்மா கதவைச் சாத்தினாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது. “அவர்கிட்ட சொல்லிடாதே வடிவு. வீட்ல சாமியறை கட்டறதுக்கே ஆறு மாசம் சண்டை போட்டவர். கோயில் வரிசையில முன்னாடி நின்ன ஒரு அம்மா சொன்னாங்க. வீட்டுக்குப் புதுசா வந்த வண்டியோட சாவியைப் பதினோரு செவ்வாய், பதினோரு வெள்ளி அம்மன் காலடியில ஒரு ராத்திரி வெச்சு எடுத்தா, அந்த வண்டியிலயே மருமக வருவாளாம். பிரசாந்துக்கு முப்பத்தாறு ஆகுதே. எத்தனை இடம் பார்த்தாச்சு!”

“யாரு அந்த அம்மா?”

“தெரியாது. வரிசை நகர்ந்துடுச்சு.”

வடிவு தாழ்ந்த குரலில், சுருக்கமாகச் சொன்னாள்: சாவி இங்கே இருந்தால் கார் தூங்காது, தூங்காவிட்டால் சின்ன பேட்டரி காலி, செவ்வாய் வைத்தால் புதன், வெள்ளி வைத்தால் சனி. பொன்னம்மா கேட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில் தானாகவே விரல் விட்டாள். போன வெள்ளி வைத்தாள். சனிக்கிழமை பெண் பார்க்கப் போகவில்லை. இந்தச் செவ்வாய் வைத்தாள், புதன் போகவில்லை. இன்று வைத்திருக்கிறாள்.

“நானா?” என்றாள். “பொண்ணு பார்க்கறதை நானேவா தடுத்தேன்?”

“நீங்க வேண்டிக்கிட்டது ஒரு பக்கம் இழுத்துச்சு, சாவி ஒரு பக்கம் இழுத்துச்சு.”

“இந்தப் பையனைப் போகச் சொன்னதும் நான்தான். வெளி ஆள் கண்ணு படக் கூடாதுன்னு. அவர் கத்தினப்ப… ஒருவேளை இவன்தான் பண்றானோன்னு எனக்கும் தோணுச்சு. அதனால பேசாம இருந்துட்டேன்.” விளக்குத் திரியைத் தூண்டினாள். “இப்ப நீயே வெளிய போய்ச் சொல்லிடறியா?”

“நான் சொன்னா அது வெறும் ரிப்போர்ட், அக்கா. சார் வாங்கிப் படிச்சுட்டு மடிச்சு வெச்சுடுவாரு. அந்தப் பையன் வாசல்ல நிக்கறது உங்க வாயிலிருந்து வரணும்னுதான்.”

உள்ளிருந்து ஹாலுக்கு எட்டு அடி. அந்த எட்டு அடியைப் பொன்னம்மா நடந்த நேரத்தில் மாரிசாமி ஆட்டோவில் மொஹல்லாவுக்குப் போய்வந்திருப்பான். ஆனால் போய் நின்றவள், கணவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி முதல் காரியமாக இரண்டாகக் கிழித்தாள். பிறகு சாவியைத் தட்டோடு மேஜைமேல் வைத்து, வரிசையில் நின்ற அம்மாள் முதல் அச்சுவெல்லம் வரை எல்லாம் சொன்னாள்.

கிருஷ்ணராஜ் முகத்தில் மின்வெட்டு. “முப்பத்தி நாலு வருஷம் கரண்ட்லயே இருந்தவன் வீட்ல… ஒரு சாவியாவது, ராத்திரி பூரா… நான் நம்ப மாட்டேன்!”

“இருங்கப்பா” என்று பிரசாந்த் போனை எடுத்தான். காரின் நிலையைக் காட்டும் திரை. “இப்ப முழிச்சுட்டு இருக்குன்னு காட்டுது. சாவியை மாடிக்கு எடுத்துட்டுப் போங்க.”

மாரிசாமி தட்டை ஏந்தி, பெண் வீட்டுச் சீர்போல மாடிக்குக் கொண்டுபோய் பீரோவுக்குள் வைத்தான். வெல்லத்தை மட்டும் வைக்கவில்லை. எறும்புக்குக் கொடுப்பதற்குத் தனக்கே ஆகட்டும் என்று வாயில் போட்டுக்கொண்டான். கீழே வந்தபோது வீடு முழுக்க ஒரு போனைச் சுற்றி நின்றது. கேட்டுக்கு வெளியே கௌரம்மாவும், யாரோ கூப்பிட்ட மாதிரி. ஐந்து நிமிஷம். பத்து. பிரசாந்த் தலையை நிமிர்த்தினான்.

“தூங்கிடுச்சு.”

பிறகு பொன்னம்மா ஒரு வெள்ளைத்தாளைக் கணவர் முன்னால் தள்ளினாள்.

“எழுதுங்க.”

“என்னத்தை?”

“நன்னடத்தைக் கடிதம்.”

“வெல்லம் வெச்சது நீ. லெட்டர் நான் எழுதணுமா?”

“எழுதலைன்னா நாளைக்கு ராமாபுரத்துல சம்பந்தி வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து நானே எல்லாத்தையும் சொல்வேன். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸையும் சேர்த்து.”

கிருஷ்ணராஜ் பேனாவைத் திறந்தார். பொன்னம்மா சொல்லச் சொல்ல எழுதினார். ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், சிக்னல் மதிப்பவர் என்று வரிசையாக வந்தது. முடித்துக் கையெழுத்துப் போடப்போனவரைப் பொன்னம்மா தடுத்தாள்.

“இன்னொரு வரி. ‘எங்கள் காரின் பழுதுக்கு இவர் காரணமல்ல, எங்கள் வீட்டுச் சாமியறைதான் காரணம்.’”

“அதை எப்படிடீ ஆபீஸ் லெட்டர்ல எழுதறது!”

“தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினீங்கல்ல? எழுத்துலயும் இருக்கட்டும்.”

எழுதினார். கவின்ராஜ் வாங்கிக்கொண்டு, படிக்காமலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். நன்றி சொல்லவில்லை. “காலையில ஆறரைக்கு வர்றேனுங்க. நாளைக்கு ஒரு நாள் ஓட்டிக் குடுத்துட்டுப் போயிடறேன்” என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை கார் எழுந்தது. இசையோடு வணக்கம் சொன்னது. பதினோரு மணிக்கு ராமாபுரத்துத் தெருவில் நுழைந்தபோது கிருஷ்ணராஜ் கண்ணாடியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனியாகப் பேசச் சொல்லிப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அதில் ஒன்பது நிமிஷம் பிரசாந்த், சின்ன பேட்டரிக்கும் பெரிய பேட்டரிக்கும் உள்ள உறவை விளக்கினான் என்று தொட்டையன் பிற்பாடு வடிவிடம் சொன்னார். மீதி ஒரு நிமிஷத்தில் தீபா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆவணியில் அவள் கொள்ளேகாலத்து மாட்டு டாக்டரைக் கட்டிக்கொண்டு குண்டுலுபேட்டைக்குப் போனாள். பிரசாந்த் அடுத்த வருஷம் பெங்களூருக்கு மாற்றலாகி, ஆபீசிலேயே வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, போட்டோ அனுப்பினான். பொன்னம்மா அந்தப் போட்டோவை வந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டுக் கார் தெரிகிறதா என்று தேடுவாள். தெரியாது, இருவரும் மெட்ரோ ஸ்டேஷனில் நிற்பார்கள்.

கவின்ராஜின் கடிதத்தை ஃபேக்டரி மேனேஜர் இரண்டு தடவை படித்தாராம். “சாமியறைங்கறது எந்த சர்வீஸ் சென்டர்?” என்று கேட்டாராம். பதில் கேட்டுச் சிரித்து முடிப்பதற்குள் சேர்க்கைப் படிவத்தில் முத்திரை விழுந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து, வைகாசி மாதத்தில், அவனுக்கும் அஷ்வினிக்கும் நஞ்சன்கூட்டில் கல்யாணம். முன் வரிசையில் பட்டுப் புடவையோடு பொன்னம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிருஷ்ணராஜ், யார் கண்ணிலும் படாமல் இருக்க முயன்றுகொண்டு. சாப்பாட்டுப் பந்தியில் அவள் வடிவின் காதில் சொன்னதை மாரிசாமியும் கேட்டான்.

“ஆறு தடவை வெச்சதுக்கே பலன் பார்த்தியா வடிவு? அம்மன் வண்டி ஓட்டினவனுக்குக் குடுத்துட்டா. அட்ரஸ் சரியா எழுதாதது என் தப்பு.”

அஷ்வினி வேலையை மாற்றிக்கொண்டு, இப்போது இருவரும் நஞ்சன்கூட்டிலேயே வீடு பிடித்துப் போய்விட்டார்கள். ஃபேக்டரி பஸ் அவர்கள் வாசலிலிருந்தே கிளம்புகிறதாம்.